சிறு வண்டிக்குத் தக்க கொக்கி

விளையாட்டு வண்டிக்கு மெய்வண்டியின் கொக்கி எதற்கு என வினவுவார் உளர். கீரிப்பாறையில் ரப்பர்த் தோட்டமும் காடுமன்றி இருப்புப்பாதை இல்லை. வண்டியைக் காண நாகர்கோவிலுக்கே இறங்கல் வேண்டும். இத்தகைய ஊரில் மாதிரி வண்டியின் கொக்கியை ஆராய்தல் வீணெனத் தோன்றலாம். யான் அங்ஙனம் கருதேன்.

வட்டப்பாதையில் சுற்றும் வண்டிக்கு எக்கொக்கியும் போதும். ஆங்கிலேயராகிய ஆலன் ரைட் வகுத்த இங்கிள்நூக் பாதையோ அத்தகையதன்று. அதன் மூன்று கிளைகள் முறையே ஐந்து, மூன்று, மூன்று பெட்டிகளே கொள்ளும். எட்டுப் பெட்டிகளுள் சீட்டில் விழுந்த ஐந்தனை விழுந்த வரிசையிலேயே கோத்தல் வேண்டும். வரிசைகள் 6,720 உண்டு. ஆட்டம் முழுதும் பிணைத்தலும் பிரித்தலுமே. அதனைப் பருத்த வளையக் கொக்கியோடு, கையால் தூக்கித் தூக்கி ஆடுவது என்ன ஆட்டம்?

அமெரிக்காவில் வளையமும் ஆணியும் கொண்டு பெட்டிகளைப் பிணைத்த நாளில், இடையே நின்ற தொழிலாளர் விரலிழந்தனர், உயிருமிழந்தனர். ஈலை ஜானி என்பார் 1873-இல் காப்புரிமை பெற்ற கொக்கியோ, மடித்த விரல்கள் இரண்டு பற்றினாற்போலத் தானே பூட்டிக்கொள்வது. 1893-இல் அந்நாட்டுச் சட்டம் தானே பூட்டும் கொக்கியைக் கட்டாயமாக்கிற்று. நம் நாட்டு எல்.எச்.பி. பெட்டிகளிலும் இவ்வினமே உளது. இவ்வளவு விலைகொடுத்துப் பெற்ற ஒன்றை மாதிரியில் மட்டும் விட்டுவிடுதல் முறையன்று.

விலை மிகுதி என்பர். எட்டுப் பெட்டிக்கும் ஓர் எஞ்சினுக்கும் பதினெட்டுக் கொக்கிகளே வேண்டும். தண்டவாளத்திடையே காந்தம் பதித்தால் கைபடாமலே விடுபடும். இரும்பு அச்சுக்களை மட்டும் மாற்றுக, காந்தம் அவற்றையும் இழுக்கும். உயரம் எல்லாவற்றிற்கும் ஒன்றாதல் வேண்டும். பாதியை மாற்றிப் பாதியை விடுதல் ஆகாது. இருவகையும் தம்முள் பிணையா.