கடனைக் கட்டுவோம், கைகட்டி நிற்க மாட்டோம்

2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பைப் பற்றி நம் வட்டாரத்தில் யாரும் பெரிதாகப் பேசவில்லை. கிரெடிட் கார்டு பாக்கிக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொல்லியிருந்தது. வங்கிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. பதினாறு ஆண்டுகள் கழித்து அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ரிசர்வ் வங்கியும் இத்தனை சதவீதம்தான் என்று எந்த எண்ணையும் நிர்ணயிக்கவில்லை.

இன்று பல கார்டுகளில் வட்டி மாதம் 3.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42 சதவீதம். தெருவில் ஒருவர் இப்படி வாங்கினால் கந்துவட்டி என்கிறோம். கார்டில் வந்தால் அதற்கு 'நிதிக் கட்டணம்' என்று பெயர்.

"கார்டு வசதியானவர்கள் பிரச்சினை. இயக்கம் இதையெல்லாம் ஏன் பேச வேண்டும்?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நம் பிள்ளைகளின் முதல் சம்பளத்தைக் கவனித்தால் இந்தக் கேள்வி எழாது. வீட்டில் முதல் பட்டதாரி, வேலையில் சேர்ந்த சில மாதங்களில் கையில் கார்டு. அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு, தங்கையின் கல்லூரிக் கட்டணம், ஒழுகும் கூரை எல்லாம் அந்தக் கார்டின் மேல் ஏறுகின்றன. அடகு வைக்க நிலம் இல்லை. கைமாற்றுக் கொடுக்கச் சொந்தத்தில் ஆள் இல்லை. மற்ற வீடுகளில் தாத்தாவின் சொத்து செய்கிற வேலையை நம் வீட்டில் 42 சதவீத வட்டிக் கடன் செய்கிறது. இதை ஊதாரித்தனம் என்று சொல்பவர்களுக்கு நம் வீடு தெரியாது.

கணக்கைப் பாருங்கள். பாக்கி 50,000 ரூபாய். மாத வட்டி 1,750. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 315. இரண்டும் சேர்ந்து 2,065. மினிமம் டியூ 5 சதவீதம் என்றால் 2,500 ரூபாய். அதைத் தவறாமல் கட்டினாலும் அசலில் குறைவது 435 ரூபாய்தான். பாக்கி நிற்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லா நாட்களும் கிடையாது. மினிமம் டியூ கட்டினால் கார்டு உயிரோடு இருக்கும், கடனும் உயிரோடு இருக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் பயம். கடன் என்றால் தலைகுனிய வேண்டும் என்று நம் மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழக்கியிருக்கிறார்கள். கொத்தடிமை முறை சட்டப்படி ஒழிந்ததே 1976-ல்தான். அந்தப் பழைய பயத்தின் மேல்தான் ரிகவரி ஏஜென்ட்டின் குரல் வந்து விழுகிறது. அதனால் சில உண்மைகளைத் தெளிவாகச் சொல்கிறோம்.

கார்டு கடனைக் கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம். மோசடி எதுவும் இல்லாதபோது, "போலீஸ் வருது, அரெஸ்ட் வாரண்ட் ரெடி" என்பதெல்லாம் மிரட்டல். ஆனால் நீங்கள் கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பினால் அது குற்ற வழக்காகலாம். எனவே நெருக்கடியில் யாருக்கும் வெற்றுக் காசோலை கொடுக்காதீர்கள். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் வசூலுக்காக அழைக்கக் கூடாது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொல்லை செய்யக் கூடாது, பொதுவில் அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டிருக்கிறது. அடியாட்களை வைத்து வசூலிப்பதை உச்ச நீதிமன்றம் 2007-லேயே கண்டித்தது. வசூலுக்கு வந்தவர் தெருவில் நான்கு பேர் பார்க்க சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். கடன் பாக்கி இருப்பது அதற்கு உரிமம் ஆகாது.

அதற்காகக் கடனைக் கட்டாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. நம்மால் முடிந்த விதத்தில், எழுத்தில் பேசித் தீர்ப்போம் என்கிறோம்.

முதல் வேலை, கார்டைத் தேய்ப்பதை நிறுத்துவது. கார்டு பாக்கியை அடைக்க லோன் ஆப்பிலோ மீட்டர் வட்டியிலோ கை வைக்காதீர்கள். அடுத்து, தவணை தவறும் முன்பே வங்கிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வருமானம் இவ்வளவு, வீட்டுச் செலவு இவ்வளவு, மாதம் இவ்வளவு கட்ட முடியும், பாக்கி முழுவதையும் குறைந்த வட்டியில் இஎம்ஐ-யாக மாற்றித் தாருங்கள் என்று கேளுங்கள். மரியாதையாக எழுதலாம், கெஞ்ச வேண்டியதில்லை. கட்ட முடியாத தொகைக்கு மட்டும் தலையாட்டாதீர்கள்.

ஏற்கெனவே பல மாதங்கள் தவறியிருந்தால், ஒரு தொகையோடு கணக்கை முடிக்கும் செட்டில்மென்ட்டை வங்கியே முன்வைக்கலாம், நீங்களும் கேட்கலாம். தொகை, கெடு தேதி, இத்துடன் கணக்கு முடிகிறது என்ற வாசகம் மூன்றும் வங்கியின் கடிதத்தில் வந்த பிறகே பணம் கட்டுங்கள். கார்டு கணக்கில் மட்டுமே கட்டுங்கள், ஏஜென்ட்டின் ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது. முடிந்ததும் பாக்கி இல்லை என்ற சான்றிதழை வாங்கி வையுங்கள். இதற்கு ஒரு விலை உண்டு: சிபில் அறிக்கையில் 'க்ளோஸ்டு' என்பதற்குப் பதில் 'செட்டில்டு' என்று விழும். நாளை வீட்டுக் கடன், கல்விக் கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும். எனவே முழுத் தொகையையும் தவணையில் கட்ட முடிந்தால் அதுவே நல்லது. முடியவே முடியாதவர்களுக்குத்தான் செட்டில்மென்ட்.

தனியாகப் பேசத் தயக்கமா? மாவட்ட முன்னோடி வங்கி நடத்தும் நிதிசார் கல்வி மையத்தில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். இன்னொரு கதவு நம்மில் பலருக்கே தெரியாது. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12-ஆவது பிரிவின்படி, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இலவசச் சட்ட உதவி உரிமை. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். வழக்கு வரும் முன்பே லோக் அதாலத்தில் வங்கியோடு பேசி முடிக்கவும் வழி உண்டு, கட்டணம் கிடையாது. ஆனால் அங்கே கையெழுத்திட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. கட்ட முடியும் என்றால் மட்டும் கையெழுத்திடுங்கள். "கடனைப் பாதியாக்கித் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் போகாதீர்கள்.

வங்கிக்குப் புகார் எழுதி 30 நாட்களில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தியாக இல்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம். உதவி எண் 14448. அழைப்பு வந்த நேரம், பேசிய பெயர், குறுஞ்செய்தி எல்லாவற்றையும் தேதியோடு சேர்த்து வையுங்கள். ஆதாரம் இல்லாத புகார் நிற்காது.

வட்டிக்கு உச்சவரம்பு வேண்டும் என்ற கோரிக்கையை நாம் கைவிடப் போவதில்லை. ஆனால் சட்டம் மாறும்வரை, அடுத்த மாத ஸ்டேட்மென்ட் காத்திருக்காது. ஒவ்வொரு படிப்பு வட்டத்திலும், விடுதியிலும் ஸ்டேட்மென்ட்டை வாசிக்கத் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும். வங்கிக்குப் போகும் தோழரோடு இன்னொருவர் போக வேண்டும். காவல் நிலையத்துக்கு யாரையும் தனியாக அனுப்புவதில்லை என்ற பழக்கம் நமக்கு ஏற்கெனவே உண்டு. அதே பழக்கத்தை வங்கி வாசலுக்கும் கொண்டு போவோம்.

கடனில் இருப்பதால் கூட்டத்துக்கு வராமல், போனை எடுக்காமல் ஒதுங்கியிருக்கும் ஒரு தோழர் உங்கள் ஊரிலும் இருப்பார். இந்த வாரம் அவரைப் போய்ப் பாருங்கள்.