சிமென்ட் லாரியும் ருத்ராவும்

பெரம்பலூர் - அரியலூர் ரோட்டில் சிமென்ட் லாரிகளுக்கு நடுவே தினமும் பைக் ஓட்டி ஆபீஸ் போகிறவர், 'ஹெவி மெட்டல் வெறும் இரைச்சல்' என்று சொல்லக்கூடாது. அவருக்கு அது பழகின சத்தம்!

1987-ல் அமெரிக்காவின் டி.ஆர்.ஐ. கோஷ்டி, த்ராஷையும் பங்க்கையும் கலந்து 'கிராஸோவர்' என்றே ஓர் ஆல்பம் போட்டது. நம்மாட்கள் அதைவிட விபரீதம். 1992-ல் சிங்கப்பூர் தமிழ்ப் பையன்கள் சிலர் ஆரம்பித்த 'ருத்ரா', டெத் மெட்டலில் வேதாந்தத்தைக் கலந்தது. 'வேதிக் மெட்டல்' என்று பெயர். 2003-ல் 'குருக்ஷேத்ரா'. அப்புறம் 2005, 2009, 2011-ல் 'பிரம்மவித்யா' மூன்று பாகம்.

பாடகர் கதிர் உறுமினால் அப்பா, "யாருக்குடா உடம்பு சரியில்லே?" என்பார். நடுவே சம்ஸ்கிருத சுலோகம் வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்!

ஹீரோ இல்லை, டூயட் இல்லை. ஆகவே நம் டீக்கடை ஸ்பீக்கரில் இடமில்லை. அதற்காக அவர்கள் கடையை மூடவில்லை. 2022-ல்கூட ஆல்பம் போட்டார்கள். முப்பது வருஷம் சார்! நாமெல்லாம் ஜிம்முக்கு மூன்று நாள் போகிற ஜாதி.

அரியலூர் மாவட்டத்து கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டிய ராஜேந்திர சோழன், 1025-ல் அந்தத் திசைக்குத்தான் கப்பல் அனுப்பினார். ஆயிரம் வருஷம் கழித்து அங்கேயிருந்து பதில் வந்திருக்கிறது. ஒரு தடவை கேட்டுத்தான் பாருங்களேன்!