விலையில்லாததும் கட்டற்றதும்

ஆங்கிலத்தின் ‘ஃப்ரீ’ என்னும் சொல் விலையின்மை, விடுதலை இரண்டையும் சுட்டும். அதனால் மென்பொருள் உரிமை பற்றி அம்மொழியில் எழுதுவோர் ஒவ்வொரு முறையும் விளக்கம் கூற நேர்கிறது. தமிழுக்கு அந்த இடரில்லை: ‘விலையில்லா’ வேறு, ‘கட்டற்ற’ வேறு. ஆயினும் மடிக்கணினியின் வைஃபை அட்டையைப் பொறுத்தவரை நாமும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம்.

லினக்ஸில் அவ்வட்டை இயங்கப் பெரும்பாலும் இரண்டு நிரல்கள் தேவை. ஒன்று, கெர்னலுடன் வரும் இயக்கி. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். மற்றொன்று, அட்டையின் சில்லுக்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேர். இன்டெல் அட்டைகளின் ஃபர்ம்வேரை அப்படியே பகிரலாம். மாற்றவோ பகுத்தாராயவோ கூடாது என்கிறது அதன் உரிமம். விலை இல்லை, கட்டு உண்டு.

டெபியன் சமூகம் நெடுங்காலம் இத்தகைய ஃபர்ம்வேரைத் தன் அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்க மறுத்தது. கம்பிவழி இணைப்பில்லாத அறையில் இருக்கும் மாணவருக்கு அது முட்டுச்சந்து: ஃபர்ம்வேரை இறக்க இணையம் வேண்டும், இணையத்தில் நுழைய ஃபர்ம்வேர் வேண்டும். 2022இல் வாக்கெடுப்பு நடந்தது. 2023இல் வெளியான டெபியன் 12 முதல் அது நிறுவியில் இடம்பெறுகிறது. ஆனால் ‘கட்டற்றதல்லாத ஃபர்ம்வேர்’ என்ற தனிப் பிரிவில். தேவையை ஏற்று, கட்டையும் மறைக்காத இம்முடிவு சரியானதே.

ஆனால் அது பாதி வழிதான். நிறுவனம் பழைய சில்லுக்கு ஆதரவை நிறுத்தினால், ஃபர்ம்வேரில் உள்ள பாதுகாப்புப் பிழையைக் கண்டவர்கூடத் திருத்த இயலாது. மூலநிரலைத் திறந்தால் அலைவரிசை வரம்புகள் மீறப்படும் என்பர். ஏதெரோஸ் சில்லு கொண்ட சில யுஎஸ்பி அட்டைகளின் ஃபர்ம்வேர் மூலநிரல் 2013இலேயே வெளியிடப்பட்டது. ஆகவே திறப்பது இயலாத செயலன்று.

தனியொரு மாணவரின் கோரிக்கை சில்லு நிறுவனங்களின் செவியில் ஏறாது. மொத்தமாக வாங்கும் அரசின் குரல் ஏறும். 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் வழியே இலட்சக்கணக்கான கணினிகள் வாங்கப்பட்டன. அவற்றில் விண்டோஸுடன், டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அத்தகைய கொள்முதலின் ஒப்பந்தப்புள்ளியில் இனி இரண்டு நிபந்தனைகள் வேண்டும்: வைஃபை இயக்கி லினக்ஸ் கெர்னலிலேயே இருத்தல், ஃபர்ம்வேர் குறைந்தது தடையின்றிப் பகிரத்தக்கதாயிருத்தல். மூலநிரலையும் தருவோருக்கு முன்னுரிமை அளிக்கலாம்.

பல்கலைக்கழகங்களும் ஆய்வகங்களுக்கு ஆண்டுதோறும் கணினிகள் வாங்குகின்றன. கொள்முதல் குழுவில் அமரும் பேராசிரியர்கள் விலைப்பட்டியலோடு உரிமத்தையும் படிக்க வேண்டும். விலையில்லாமல் கிடைத்த கணினி மாணவருக்கு உண்மையில் உரிமையாவது, அதனைத் திருத்தும் உரிமையும் உடன் கிடைக்கும்போதுதான்.