சிவப்புக்கு அப்பால்!

செண்பகனூரில் என்னிடம் பயிலும் மாணவி ஒருத்தி. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றாள். இயற்பியல் படிக்க விழைகிறாள். சோதிடரோ கட்டத்தைப் பார்த்தார், "செவ்வாய் தோஷம்! படிப்பு வேண்டாம், பரிகாரம் செய்து மணம் முடியுங்கள்" என்றார். மதிப்பெண் தோற்றது, கட்டம் வென்றது!

தந்தையிடம் வாதாடினேன். அவர் மடக்கினார்: "கண்ணுக்குத் தெரியாத ஒளி உண்டு, காணாத அண்டங்கள் உண்டு என்று நீங்களே பாடம் நடத்துகிறீர்கள், வாத்தியாரய்யா. அதை நம்பலாம், ராகுவையும் கேதுவையும் நம்பக் கூடாதா?"

தோழர்களே! எள்ளி நகையாடத் தக்க கேள்வியன்று இது. விடை கூற வேண்டிய கேள்வி.

1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் கதிரொளியை முப்பட்டகத்தின் வழியே பிரித்தார். சிவப்பு நிறத்துக்கு அப்பால், ஒளியே தென்படாத இடத்தில், வெப்பமானியை வைத்தார். வெப்பம் ஏறிற்று! அகச்சிவப்புக் கதிர் அவ்வாறு பிடிபட்டது. நம்பு என்றா சொன்னார்? அளந்து பார் என்றார்!

அவ்வழியே வந்தது வானளவை. 1997 முதல் 2001 வரை, அரிசோனாவிலும் சிலி நாட்டிலும் இரு தொலைநோக்கிகள் அகச்சிவப்பில் வானமனைத்தையும் அளந்தன. 'டூமாஸ்' என்பது அதன் பெயர். 2009 டிசம்பரில் ஏவப்பட்ட 'வைஸ்' விண்கலம், இன்னும் நீண்ட அலைகளில் மீண்டும் அளந்தது. இரு பட்டியல்களையும் இணைத்து, ஒரே புள்ளி ஒவ்வோர் அலையிலும் எவ்வளவு ஒளிர்கிறது என ஒப்பிடுகின்றனர் அறிஞர். விண்மீனுக்கு ஒரு சாயல். தூசி போர்த்த தொலைதூர அண்டத்துக்கு வேறொரு சாயல். விண்மீன்களின் ஒளியைத் தூசி விழுங்கும், சூடேறும், அகச்சிவப்பாய் உமிழும். குறுகிய அலைகளில் மங்கி, நீண்ட அலைகளில் சுடர்விடும் புள்ளிகளைத் தேடினர். சிக்கியது ஓர் அண்டம்! 2015இல் உலகுக்கு அறிவித்தனர். 300 லட்சம் கோடிக்கும் மேற்பட்ட சூரியன்களின் ஒளி அதற்கு. அவ்வொளி 1,250 கோடி ஆண்டுகள் பயணம் செய்து நம்மை அடைந்தது. அது புறப்பட்ட நாளில் பூமியே இல்லை, செவ்வாய் இல்லை, செவ்வாய் தோஷமும் இல்லை!

இனிப் பஞ்சாங்கங்களை இணைத்துப் பாருங்கள். 2023 ஜனவரியில் சனி கும்பத்துக்குப் பெயர்ந்தது என்றது திருக்கணிதம். இல்லை, டிசம்பரில்தான் என்றது வாக்கியம். ஒரே சனி, இரண்டு பெயர்ச்சி, பதினொரு மாத வேறுபாடு! வானளவைகளை இணைத்தால் உண்மை துலங்குகிறது. பஞ்சாங்கங்களை இணைத்தால் பூசல் விளைகிறது. ராகுவும் கேதுவுமோ பொருள்களே அல்ல. கதிரவன் பாதையை நிலவின் பாதை வெட்டும் இரண்டு புள்ளிகள். புள்ளியா பெண்ணின் படிப்பைத் தடுக்கும்?

இதை எங்கோ தேட வேண்டுமா? எங்கள் தலைக்கு மேலேயே கோடைக்கானல் வானாய்வகம் 1899 முதல் நிற்கிறது. 1909இல், சூரியப் புள்ளிகளிலிருந்து வளி வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் கண்டது அங்கேதான். நூறாண்டுக் கதிரவப் படங்கள் அங்கே குவிந்துள்ளன. ஏரியில் படகோட்ட வருவோர் ஆயிரமாயிரம். அக்குன்றேறி ஆய்வகம் காண்போர் எத்தனை பேர்?

நமக்கும் ஒரு சொல். சோதிடனைச் சாடுவது எளிது. வானத்தைக் கற்பது கடினம். மேடையிலே முழங்குகிறோம், மறுநாள் ஒரு தந்தை கேள்வி கேட்டால் விழிக்கிறோம்! நான் இலக்கியம் பயின்றவன். அன்று நானும் விழித்தேன். பின்னரே படித்தேன். டூமாஸ், வைஸ் பட்டியல்கள் எவரும் எடுத்தாளத் திறந்து கிடக்கின்றன. கட்டணமில்லை, தீட்டில்லை, தடையில்லை. கற்க மனமின்றிக் கத்துவது பகுத்தறிவாகாது!

கல்லூரி விண்ணப்பத்துக்கு இன்னும் சில நாட்களே உள்ளன. நாளை மீண்டும் அவ்வீட்டுக்குச் செல்கிறேன். இம்முறை வசையோடு அல்ல, விடையோடு!