பங்கேட்டில் ஊர் உண்டு, ஊரார் எங்கே?

ஓர் ஊரை ஆக்கும் உரிமை அவ்வூரார்க்கே உரியது. இதனைச் சொல்லால் மறுப்பார் எவருமிலர். செயலால் காப்பார் அரியர். 'சீர்மிகு நகர்' என்னும் பெயரால் நடுவணரசு 2015-இல் தொடங்கி 2025 மார்ச்சில் முடித்த திட்டமே இதற்குச் சான்று.

நூறு நகரங்கள் தேரப்பெற்றன. நகருக்கொரு தனி நிறுவனம். அதன் பங்கில் செம்பாதி மேலுள்ள அரசுக்கு, செம்பாதி நகராட்சிக்கு என்பது விதி. குடியிருப்போர், வணிகர், இளைஞர், குடிசைவாழ் மக்கள் ஆகியோர்க்கும் இடமளித்து அறிவுரை மன்றம் ஒன்றும் வகுத்தனர். ஆயின், அம்மன்றத்திற்குச் சொல்ல வாயிருந்தது, முடிவெடுக்கக் கையில்லை!

2017-இல் தேரப்பெற்ற புதுச்சேரியைப் பாருங்கள். செம்பாதிப் பங்குக்குரிய நகராட்சியில் மக்கள் தேர்ந்த மன்றம் இருந்ததா? இல்லை! 1968-க்குப் பின் அங்கு 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அம்மன்றங்களின் காலமும் 2011-இல் முடிந்தது. திட்டம் தொடங்கி முடியுமட்டும் ஊரார் இருக்கையில் அலுவலரே அமர்ந்திருந்தனர். அரசின் வலக்கை அரசின் இடக்கையைப் பற்றிக்கொண்டது. அதற்குக் 'கூட்டுச் செயல்' என்று பெயராம்!

இதனால் மரக்காணத்திற்கு என்ன என்பீர்களா? மரக்காணம்–புதுச்சேரி நான்குவழிச் சாலைக்கு 2025-இல் நடுவணரசு ஒப்புதல் தந்துள்ளது. நீளம் 46 கி.மீ.; செலவு 2,157 கோடி உரூபா. சாலை வந்தால் மனைவிலை ஏறும், மனைவணிகர் வருவர், நகர்த்திட்டமும் பின்தொடரும்.

மரக்காணமோ, சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் என்று அறிஞர் பலர் கருதும் தொன்மையூர். அதன் உப்பளங்களும், மீனவர் குப்பங்களும், 2021-இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பெற்ற கழுவேலியும் நீரால் பிணைந்தவை. மேட்டில் வாய்க்காலை அடைத்தால் பள்ளத்தில் வெள்ளம் தேங்கும். அளத்தில் நன்னீர் புகுந்தால் விளைந்த உப்பும் கரையும். இதனை வரைபடம் தீட்டுவோன் அறியான். உப்பு வாருவோன் அறிவான்.

ஆகவே, திட்டம் தீட்டுமுன்பே அளத்தொழிலாளரும் மீனவரும் உழவரும் அமரும் அவை வேண்டும். வரைவு அவர்க்கு விளங்கும் தமிழில் பேரூராட்சியில் வைக்கப்பெறல் வேண்டும். அவர்கள் 'வேண்டா' என்றால் அச்சொல் நிற்றல் வேண்டும். செலவிடும் நிறுவனம் மக்கள் தேர்ந்த மன்றத்திற்குக் கணக்குக் காட்டல் வேண்டும். எல்லாம் முடித்தபின் 'கேட்டோம்' என்று எழுதிக்கொள்ளக் கூட்டும் கூட்டம் நமக்கு வேண்டா!

மரக்காணத்து மக்களே! கொடுக்கும்வரை காத்திருந்தால் எஞ்சியதே கிடைக்கும். சாலை வருமுன் அவை கூட்டுங்கள். உங்கள் மண்ணின் முடிவை நீங்களே எழுதுங்கள்!