திருடப்பட்ட நாயின் விலை என்ன? புணே சம்பவமும் புதிய சட்டத்தின் ரூ.5,000 வரம்பும்

புணே கார்வே சாலையில் 2019 அக்டோபரில் ஒரு பீகிள் நாய் காணாமல் போனது. அது வளாகத்துக்குள் விளையாடிக் கொண்டிருந்த காட்சி கண்காணிப்பு கேமராவில் பதிவாகியிருந்தது. அப்பகுதியில் உணவு விநியோகிக்கும் ஊழியர்களிடம் உரிமையாளர்கள் விசாரித்தபோது, நாய் தமது சக ஊழியரிடம் இருப்பதாக ஒருவர் அடையாளம் காட்டினார். அந்த ஊழியர் நாயை எடுத்ததை ஒப்புக்கொண்டார். ஆனால், தன் கிராமத்துக்கு அனுப்பிவிட்டதாகக் கூறினார். பணம் தருவதாகச் சொல்லியும் பலனில்லை என்று உரிமையாளர் சமூக ஊடகத்தில் எழுதியதும் செய்தி நாடெங்கும் பரவியது.

நாயைக் கவர்ந்து செல்வது திருட்டா என்பதில் இந்தியச் சட்டத்துக்கு ஒருபோதும் ஐயம் இருந்ததில்லை. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 378-ஆவது பிரிவில் நாயையே உதாரணமாகக் காட்டியது. சட்டைப் பையில் தின்பண்டத்தை வைத்து, பிறர் நாயை நேர்மையற்ற நோக்குடன் ஒருவர் ஈர்த்தால், நாய் பின்தொடரத் தொடங்கிய கணமே திருட்டு நிகழ்ந்துவிடுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆவது பிரிவிலும் அந்த உதாரணம் தொடர்கிறது.

மாறியது வேறொன்று. பழைய சட்டத்தில் திருடப்பட்ட பொருளின் மதிப்பு எதுவாயினும் போலீஸார் நேரடியாக வழக்குப் பதிவு செய்யலாம். புதிய சட்டத்திலோ, மதிப்பு ரூ.5,000-க்கும் குறைவாக இருந்து, முதல் முறை தண்டனை பெறுபவர் பொருளைத் திருப்பியளித்தால் சமூக சேவை மட்டுமே தண்டனை. இவ்வகைத் திருட்டு, நீதித்துறை நடுவரின் உத்தரவின்றி போலீஸார் விசாரிக்க இயலாத குற்றமாகவும் வகைப்படுத்தப்பட்டுள்ளது.

இங்குதான் சிக்கல். பணம் கொடுத்து வாங்கிய பீகிளுக்கு ரசீது இருக்கும். தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய்க்கு என்ன விலை? தெரிந்தவரிடம் வாங்கிய சிப்பிப்பாறைக் குட்டிக்கும் பெரும்பாலும் ரசீது இருப்பதில்லை. விந்தை என்னவெனில், விலங்கைக் கொல்வது, ஊனமாக்குவது தொடர்பான குற்றங்களில் பழைய சட்டத்திலிருந்த 10 ரூபாய், 50 ரூபாய் வரம்புகளைப் புதிய சட்டத்தின் 325-ஆவது பிரிவு நீக்கிவிட்டது. நாயை ஊனமாக்கினால் விலை பார்க்கப்படுவதில்லை, திருடினால் பார்க்கப்படுகிறது.

நாய் கிடைத்துவிட்டாலும் அது யாருடையது என்ற கேள்வி எஞ்சும். மத்திய பிரதேசத்தின் ஹோஷங்காபாதில் 2020-இல் ஒரு லாப்ரடாருக்கு இருவர் உரிமை கோரியதால் போலீஸார் டிஎன்ஏ பரிசோதனையை நாட வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு முடிவு வந்த பிறகே பிரச்னை தீர்ந்தது. தோலுக்கு அடியில் செலுத்தப்படும், 15 இலக்க எண் கொண்ட மைக்ரோசிப் இருந்திருந்தால் ஸ்கேனர் மூலம் சில விநாடிகளில் விடை கிடைத்திருக்கும். மைக்ரோசிப் இருப்பிடத்தைக் காட்டும் கருவி அல்ல. எண்ணும் உரிமையாளரின் விவரமும் ஒரே தரவுத்தளத்தில் இணைந்திருந்தால்தான் பயன். சென்னை மாநகராட்சி 2025-இல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்துடன் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியது. அந்நடவடிக்கையின் பேச்சு பெரும்பாலும் வெறிநாய்க்கடித் தடுப்பைச் சுற்றியே இருந்தது. திருட்டு வழக்கில் அதுவே உரிமைக்கான சான்றாகும் என்பது போதிய அளவு சொல்லப்படவில்லை.

பிரிட்டன் வேறு பாதையில் சென்றது. அங்கு 2024-இல் இயற்றப்பட்ட செல்லப்பிராணிக் கடத்தல் சட்டம், நாய், பூனைகளைக் கவர்வதைத் தனிக் குற்றமாக்கி, 5 ஆண்டுகள் வரை சிறை விதிக்கிறது. அச்சட்டத்தில் விலைக்கு இடமில்லை.

இந்தியாவில் அத்தகைய சட்டம் இல்லாத நிலையில், நாயைப் பறிகொடுத்தவர் புகாரிலேயே அதன் மதிப்பைக் குறிப்பிட்டு, வாங்கிய ரசீது இல்லையெனில் அதே இனத்தின் சந்தை விலை, மாநகராட்சி உரிமம், தடுப்பூசி அட்டை, அங்க அடையாளம் தெரியும் புகைப்படங்கள் ஆகியவற்றை இணைப்பது அவசியம். முதல் தகவல் அறிக்கை பதிய காவல் நிலையம் மறுத்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவின்படி காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்துமூலம் புகார் அனுப்பலாம். அங்கும் நடவடிக்கை இல்லையெனில் நீதித்துறை நடுவரை அணுகலாம்.