கைப்பேசி ஒன்றே போதுமா?

மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் சாலையில், தமிழகம் முடிந்து கர்நாடகம் தொடங்கும் எல்லையிடம் பாலாறு. வேலூர் வழியே ஓடும் பாலாறு வேறு. இது காவிரியில் கலக்கும் சிற்றாறு. முன்னர் மைசூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த அம்மலைப்பகுதி, 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆற்றைக் கடந்தால் காடும் ஏற்றமுமே வழி. சிவராத்திரிக் காலத்தில் அடியார் பலர் இவ்வழியே நடந்தே மலையேறுகின்றனர்.

அந்நாளில் நடைப்பயணியின் மூட்டையில் கட்டுச்சோறு, கைவிளக்கு, முடிந்து வைத்த சில்லறை ஆகியன தனித்தனியே இருந்தன. இன்றோ விளக்கு, வரைபடம், அடையாள அட்டை, பணப்பை அனைத்தும் ஒரே கைப்பேசிக்குள் அடங்கிவிட்டன. வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் அது அணைந்தால் அனைத்தும் ஒருசேர அணைகின்றன. சேமிப்பு முழுவதையும் ஒரே இடத்தில் முடக்காதீர் என வாடிக்கையாளருக்கு அறிவுறுத்தும் நாம், பயணத்திற்கும் அதையே கூற விரும்புகிறோம்.

காட்டுவழியில் கோபுர அலை மெலியும்போது, கைப்பேசி அதனை ஓயாது தேடி மின்கலத்தை விரைவில் தீர்த்துவிடும். விமானப் பயன்முறையில் வைத்தால் மின்சாரம் மிஞ்சும். வரைபடத்தை முன்னரே பதிவிறக்கி வைத்தால், அலையின்றியும் ஜி.பி.எஸ். இருப்பிடம் காட்டும்.

பவர் பேங்க் உண்டே எனலாம். அந்த 'வங்கி'யில் இட்டது முழுவதையும் எடுக்க இயலாது. 10,000 மில்லியாம்பியர்-மணி என்பது உள்ளிருக்கும் கலத்தின் 3.7 வோல்ட் கணக்கு. 5 வோல்ட்டாக மாற்றும்போது 7,400 ஆகக் குறையும். மாற்றத்தில் வீணாவதும் கழிந்தால் பொதுவாக 6,000 முதல் 6,500 வரையே கைக்கு எட்டும்.

பணத்தின் நிலையும் இதுவே. 2016-இல் தொடங்கிய யு.பி.ஐ. நம் வாழ்வை எளிதாக்கியது. சாதாரணக் கைப்பேசிக்கென 2022-இல் யு.பி.ஐ. 123பே வந்தது, அதற்கும் அலை வேண்டும். 2023-இல் வந்த யு.பி.ஐ. லைட் எக்ஸ் அலையின்றி இயங்கும். ஆனால் கொடுப்பவர், பெறுபவர் இருவரிடமும் என்.எஃப்.சி. வசதியுள்ள கைப்பேசி இருத்தல் வேண்டும். வழியோர மோர்க்கடையில் இதை எதிர்பார்க்கலாமா? ஆகவே இரண்டு நாள் செலவுக்கான ரொக்கத்தை, சிறு தாள்களாக, இரண்டு இடங்களில் பிரித்து வைத்துக்கொள்க. மின்னணுப் பரிமாற்றத்தை வளர்க்கும் பணியிலுள்ள நாமே இவ்வாறு கூறுவது முரணன்று. வாடிக்கையாளர் பசித்திருக்க நேர்ந்தால் எந்த வசதிக்கும் பெருமையில்லை.

திருவிழாக் கூட்டத்தில் கைப்பேசி தொலைவதும் உண்டு. வங்கியின் உதவி எண்ணையும், *#06# அழுத்தினால் தோன்றும் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் தாளில் எழுதி வைத்துக்கொள்க. இரகசியக் குறியீட்டை மட்டும் எழுதற்க. தொலைந்ததும் உடன்வருவோர் கைப்பேசியில் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். பணம் பறிபோயிருப்பின் 1930-ஐயும் அழைக்க வேண்டும். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பு வங்கிக்குத் தெரிவிக்கும்வரை அவரையே சாரும். தெரிவித்தபின் நேர்வது வங்கியைச் சாரும் என்பது ரிசர்வ் வங்கி 2017-இல் வகுத்த நெறி. எனவே ஒவ்வொரு நிமிடமும் பணமே.

இறுதியாக ஒன்று. யானை நடமாடும் வழியில் காதில் ஒலிப்பான் பொருத்தி நடத்தல் தகாது. கருவி நமக்குத் துணையாகலாம். நம் கண்ணுக்கும் செவிக்கும் மாற்றாகாது.